விக்டோரியா மகாராணி விட்டுச்சென்ற சொத்து

விக்டோரியாவின் மகன் லியோபோல்ட் 1884-ல் வழுக்கி விழுந்தார். மறுநாளே இறந்தார், வயது 30. ஹீமோஃபீலியா, அதாவது ரத்தம் உறையாத நோய்.

கணக்கு இதுதான். பழுது எக்ஸ் குரோமோசோமில். பெண்ணுக்கு இரண்டு எக்ஸ். எங்கள் வங்கி பாஷையில் 'எய்தர் ஆர் சர்வைவர்' கூட்டுக் கணக்கு: ஒருவர் படுத்தாலும் இன்னொருவர் கையெழுத்துப் போட்டு ஓட்டிவிடுவார். ஆணுக்கோ அம்மா தரும் எக்ஸ் ஒன்றுதான். அது பழுதென்றால் மாற்றாள் கிடையாது. எனவே பழுதைச் சுமக்கும் தாயின் ஒவ்வொரு மகனுக்கும் 50% வாய்ப்பு. நோயுள்ள அப்பாவிடமிருந்து மகனுக்கு வராது. மகள்கள் எல்லோரும் சுமப்பார்கள். (லியோபோல்டின் மகள் ஆலிஸ் சுமந்தார்.)

விக்டோரியாவின் பேத்தி அலெக்சாண்ட்ரா ரஷ்ய ஜார் வீட்டுக்கு மருமகளாய்ப் போனார். நாலு பெண்களுக்குப் பிறகு 1904-ல் பிறந்த அலெக்ஸிக்கு அதே நோய். ரஸ்புடின் அரண்மனையில் செல்வாக்குப் பெற்றது இதனால்தான். 1918-ல் குடும்பத்தையே சுட்டுக் கொன்றார்கள். அது ஹீமோஃபீலியா பி என்று எலும்பின் டிஎன்ஏ மூலம் தெரிந்தது 2009-ல்!

விக்டோரியாவின் அப்பாவுக்கு இந்த நோய் இல்லை. மரபணுவில் புதிதாய் நேர்ந்த பழுதாக இருக்கலாம். மூன்றில் ஒரு பங்கு நோயாளிகளுக்குக் குடும்பத்தில் முன்பு யாருக்கும் இருந்ததில்லை. "உங்க வீட்டு வழியாத்தான் வந்தது" என்று மருமகளைப் பார்த்துச் சொல்லும் மாமியார்கள் கொஞ்சம் பொறுக்கவும்.