கோட்டை மண்ணும் சிவப்பு மருந்தும்

தெற்கு இத்தாலியில், அபூலியா என்ற பிரதேசத்தில், ஒரு குன்றின்மேல் எட்டுப் பட்டைக் கோட்டை ஒன்று நிற்கிறது. காஸ்டெல் டெல் மான்டே என்று பெயர். 13-ஆம் நூற்றாண்டில் இரண்டாம் பிரெடரிக் சக்கரவர்த்தி கட்டியது. எதற்காகக் கட்டினார் என்று சரித்திரக்காரர்கள் இன்றும் வாதாடுகிறார்கள். அந்தக் கோட்டைப் புறத்து மண் எதற்கு உதவிற்று என்பதில் மட்டும் வாதமே இல்லை.

1950-க்குப் பிறகு, பார்மிடாலியா என்ற இத்தாலிய மருந்துக் கம்பெனியார் புற்றுநோய்க்கு மருந்து தேடி, மண்ணிலுள்ள நுண்ணுயிர்களைச் சோதித்து வந்தார்கள். இந்தக் கோட்டை மண்ணில் அகப்பட்ட ஒரு நுண்ணுயிர் சிவப்புச் சாயம் ஒன்றைச் சுரந்தது. அந்தச் சாயம் எலிகளின் உடலில் கட்டியை அடக்கிற்று. அதிலிருந்து முதலில் ஒரு மருந்து பிறந்தது. பிறகு அந்த நுண்ணுயிரின் குணத்தையே மாற்றி இன்னொன்று எடுத்தார்கள். அட்ரியாடிக் கடலை நினைத்து அதற்கு அட்ரியாமைசின் என்று பெயரிட்டார்கள். டாக்டர்கள் இன்று டாக்ஸோரூபிசின் என்கிறார்கள். 1974-ல் அமெரிக்கா அதை அங்கீகரித்தது.

தசையிலும் கொழுப்பிலும் நரம்பிலும் தோன்றும் புற்றுநோயை ஸார்கோமா என்பார்கள். ஓரிடத்தில் இருக்கும்வரை கத்திக்கு வேலை உண்டு. நுரையீரல்வரை பரவிவிட்டால், பெரும்பாலோருக்கு முதலில் இந்தச் சிவப்பு மருந்தைத்தான் ஊசி வழியே ஏற்றுகிறார்கள். தலைமயிர் உதிரும். அளவு மீறினால் இருதயம் தளர்ந்துபோகும். ஆகவே, ஒருவருக்கு ஆயுள் முழுவதற்கும் இவ்வளவுதான் என்று வரம்பு கட்டியிருக்கிறார்கள்.

ஒரு மருந்துக்கு இரண்டாகக் கொடுத்தால் என்ன? ஐரோப்பிய டாக்டர்கள் 228 நோயாளிகளிடம் இதைச் சோதித்து, 2014-ல் முடிவை வெளியிட்டார்கள். ஒரு பிரிவுக்குச் சிவப்பு மருந்து மட்டும். மற்றதற்கு அதனுடன் ஐபாஸ்பமைடும் சேர்த்து. கட்டி சுருங்கியவர்கள் முதல் பிரிவில் நூற்றுக்கு 14 பேர். இரண்டாவதில் 26 பேர். ஆயுள்? முதல் பிரிவில் பாதிப் பேர் 12.8 மாதங்களைத் தாண்டினார்கள். இரண்டாவதில் பாதிப் பேர் 14.3 மாதங்களை. அந்த ஒன்றரை மாதமும் தற்செயலாக நேர்ந்திருக்கக் கூடியதுதான். ஆனால் ரத்தத்தில் வெள்ளணு குறைந்து காய்ச்சலில் விழுந்தவர்கள் முதல் பிரிவில் நூற்றுக்கு 13, இரண்டாவதில் 46. கட்டி சுருங்குவது வேறு, ஆயுள் நீளுவது வேறு என்று தெரிந்தது.

அப்படியானால் இரண்டாவது மருந்து வீணா? இல்லை. கட்டி மூச்சை அடைக்கிறது, வலி பொறுக்கவில்லை, சற்றுச் சுருங்கினால் அறுத்தெடுத்துவிடலாம் என்ற நிலையில் அதற்குப் பொருள் உண்டு. அது இல்லாதபோது, மிஞ்சியிருக்கும் மாதங்களை ஆஸ்பத்திரிக் கட்டிலில் கழிக்கச் சொல்ல நமக்கு என்ன உரிமை? "இருக்கிற மருந்தையெல்லாம் கொடுங்கள், டாக்டர்" என்று உறவினர்கள் கெஞ்சுகிறார்கள். அது அன்புதான். எதற்காக என்று, படுத்திருப்பவரை முதலில் ஒரு வார்த்தை கேட்பதும் அன்புதான்.