குருமாருக்குத் துணைநின்ற நூல்கள்

நூலின்றிக் கற்பிப்பது எத்துணைக் கடினம் என்பதைச் சிற்றூர் ஆசிரியனாயிருந்த நான் நன்கறிவேன். பதினேழாம் நூற்றாண்டின் இறுதியில் இங்கிலாந்துச் சிற்றூர்க் குருமார் பலரின் நிலையும் அதுவே. வறுமையால் நூல் வாங்க இயலாதவர் சபையை எங்ஙனம் வழிநடத்துவர்?

இதற்கு வழி தேடிய தாமஸ் பிரே என்னும் குருவானவர், 1698-இல் குருப்பட்டம் பெறாத நால்வருடன் கூடி, கிறிஸ்தவ அறிவு விருத்திச் சங்கத்தை இலண்டனில் நிறுவினார். குருமாருக்கு நூலகங்கள் அமைந்தன. வெளியூர்களிலும் வெளிநாடுகளிலும் கடிதத் தொடர்பாளர் சேர்ந்தனர். ஜெர்மனியின் ஹாலே நகரத்துப் பிராங்கே அவருள் ஒருவர். அவரிடம் பயின்ற சீகன்பால்கு, 1706-இல் டேனியர் ஆண்ட தரங்கம்பாடிக்கு வந்தார்.

நாடும் சபையும் வேறாயினும், இலண்டன் சங்கம் அவருக்கு அச்சுப்பொறியும் தாளும் அனுப்பியது. 1715-இல் தமிழ்ப் புதிய ஏற்பாடு அங்கே அச்சாகி நிறைவுற்றது.

ஆணையாலன்று, கடிதத்தாலும் நூலாலுமே இவ்வுறவு வளர்ந்தது; தொடங்கியவரோ ஐவரே.