குர்பானி இறைச்சியும் பகிர்வும்: ஹஜ்ஜுப் பெருநாள் குறித்த ஒரு வரலாற்று நோக்கு

துல்ஹஜ் மாதத்தின் 10ஆம் நாளில் கொண்டாடப்பெறும் ஈதுல் அள்ஹா, தமிழில் ஹஜ்ஜுப் பெருநாள், பக்ரீத், தியாகத் திருநாள் எனப் பல பெயர்களால் வழங்குகிறது. இவற்றுள் ‘தியாகத் திருநாள்’ என்பது, நபி இப்ராஹீம் தம் மகனைப் பலியிட முன்வந்த நிகழ்வை முன்னிறுத்துகிறது. பொருத்தமான பெயரே எனினும், இந்நாளின் சட்டங்களைப் பெரிதும் வடிவமைத்த உணவுப் பகிர்வு என்னும் கூறு அப்பெயரில் புலப்படுவதில்லை.

‘குர்பான்’ என்னும் அரபுச் சொல்லின் வேர், நெருக்கம் எனப் பொருள்படும். பலிப்பிராணிகளின் இறைச்சியோ இரத்தமோ இறைவனை அடைவதில்லை, இறையச்சமே அடைகிறது எனக் குர்ஆன் (22:37) உரைக்கிறது. இஸ்லாத்திற்கு முற்பட்ட அரபியர் பலி இரத்தத்தைக் கஅபாவின்மீது பூசிய வழக்கத்தை இவ்வசனம் மறுப்பதாக விரிவுரையாளர்கள் கூறுவர். இறைவனுக்கு இறைச்சி தேவையில்லையெனில் அது யாருக்குரியது? முந்தைய வசனம் (22:36) விடை தருகிறது: உண்ணுங்கள், கேளாது அமைந்திருக்கும் வறியவருக்கும் கேட்டு வருபவருக்கும் உண்ணக் கொடுங்கள் என்பது அதன் கருத்து. கேளாத வறியவரைத் தனியே சுட்டியிருப்பது ஊன்றி நோக்கத்தக்கது.

பெருநாளை அடுத்த மூன்று நாட்கள் ‘தஷ்ரீக்’ எனப்படும். இறைச்சியைக் கீற்றுகளாக்கி வெயிலில் உலர்த்துதல் என்பது அச்சொல்லுக்குத் தரப்படும் விளக்கங்களுள் ஒன்று. குளிர்பதனம் அறியாத பாலைநிலத்தில் சேமிப்பு இயல்பானதே. ஆயினும் ஓர் ஆண்டு, பெருநாளின்போது கிராமப்புற வறியோர் மதீனாவுக்குத் திரண்டு வந்தனர். மூன்று நாட்களுக்குமேல் இறைச்சியைச் சேமிக்க நபிகளார் தடை விதித்தார். பின்னர் மக்கள் அத்தடை பற்றி வினவியபோது, வந்திருந்த அவ்வறியோரின் பொருட்டே தடுத்ததாகக் கூறி, உண்ணவும் சேமிக்கவும் தருமம் செய்யவும் இசைவளித்தார். ஆயிஷா அறிவிக்கும் இச்செய்தி ஸஹீஹ் முஸ்லிமில் இடம்பெற்றுள்ளது.

இத்தடை முற்றிலும் நீக்கப்பட்டதா, அன்றிக் காரணம் மீண்டால் தடையும் மீளுமா? இமாம் ஷாஃபிஈ (இறப்பு 820) தம் ‘அர்ரிஸாலா’வில் இவ்வினாவை விவாதிக்கிறார். சட்டமும் பசியும் இவ்வளவு நேரடியாகப் பிணைக்கப்பட்ட இடங்கள் தொடக்ககால நூல்களில் அரியன என்றே தோன்றுகிறது.

காயல்பட்டினம், கீழக்கரை போன்ற கடற்கரை ஊர்களில் ஷாஃபிஈ மரபும், உள்நாட்டு ராவுத்தர்களிடையே ஹனஃபி மரபும் பெருவழக்கு. முன்னதில் குர்பானி வலியுறுத்தப்பட்ட சுன்னத். பின்னதில் வசதியுடையோர்க்கு வாஜிப். இறைச்சியைத் தமக்கும், உறவினருக்கும், ஏழைகளுக்கும் என மூன்றாகப் பகுப்பது பரவலான வழக்கம். இவ்விகிதம் குர்ஆனில் இல்லை. சட்ட அறிஞர்கள் பரிந்துரைத்த ஒழுங்கு அது.

ஹஜ் பயணிகள் கூடும் மினாவில் சிக்கல் வேறு வகையானது. குறுகிய காலத்தில் பெருந்திரளாகப் பிராணிகள் அறுக்கப்பட்டதால், உண்பாரின்றி எஞ்சிய இறைச்சி புதைக்கப்பட்டது. 1983இல் சவூதி அரசு இஸ்லாமிய வளர்ச்சி வங்கியின் வாயிலாகத் தொடங்கிய திட்டம், அதனை உறையவைத்து வறிய நாடுகளுக்கு அனுப்ப வழிசெய்தது. மதீனாவில் பகிர்வின் பொருட்டுத் தடுக்கப்பட்ட சேமிப்பு, மினாவில் பகிர்வுக்கே கருவியாயிற்று.