பெயரிட்டவரும் வளர்த்தவரும்

மலைநாட்டுப் பாடசாலையொன்றில் நான் கற்பிக்கத் தொடங்கிய ஆண்டில், எட்டாம் வகுப்பு மாணவனொருவன் ஒரு முழ நீளத் தடியைக் கொண்டுவந்து வகுப்பறைக்கு வெளியே நட்டான். லயத்துக்குப் பின்னால் ஓடும் வாய்க்காலின் கரையில் வெட்டிய தடி அது. "பொழுது சாய்ஞ்சா நல்லா மணக்கும் சேர்" என்றான். ஓராண்டு கழிந்தும் அத்தடி இலைகளைத் தவிர வேறெதையும் தரவில்லை. மாணவர் சலித்துப் போயினர். நட்டவன் மட்டும் நாள்தோறும் தண்ணீர் ஊற்றி வந்தான். ஒரு நாள் அவன் என்னிடம் கேட்ட கேள்வியே இக்கட்டுரைக்குக் காரணம். "இது எந்தக் காட்டில இருந்து வந்தது சேர்?"

அன்று எனக்கு விடை தெரியவில்லை. பின்னர் தேடிப் படித்தபோது கிடைத்த விடை வியப்பூட்டுவதாயிருந்தது. இன்று இச்செடிக்குச் சொந்தக் காடு எதுவுமே இல்லை.

ஆங்கிலேயர் இதனைத் 'தேவதூதரின் எக்காளம்' என்பர். நமது ஊமத்தையின் உறவினம் இது. ஊமத்தையோ இடுப்பளவு வளரும் சிறு செடி; அதன் பூ வானை நோக்கும்; காய் முள்ளுடையது. இதுவோ மரமாய் வளர்வது, ஏறத்தாழ ஓரடி நீளமான பூக்கள் நிலத்தை நோக்கித் தொங்கும், காயில் முள்ளில்லை. இரண்டும் நஞ்சே. இலை, பூ, விதை யாவற்றிலும் ஸ்கொப்பொலமின், அத்ரொபின் முதலிய இரசாயனங்கள் உள்ளன. அளந்து கொடுத்தால் அவை மருந்து. அளவறியாது உண்டால் சித்தங் கலங்கும், உயிரும் போகும்.

இச்செடி பூக்கும் முறை கவனிக்கத்தக்கது. நட்ட தடி முதலில் கிளையின்றி ஒற்றைத் தண்டாகவே உயரும். ஆளுயரத்தை எட்டும் வேளையில் அத்தண்டு இரண்டாகப் பிரிந்து கவை விடும். கவைக்கு மேலேதான் பூ தோன்றும். கீழே பெரும்பாலும் இலை மட்டுமே. கவைக்கு மேலுள்ள இலைகளின் அடிப்பகுதியில் ஒருபுறம் உயர்ந்தும் மறுபுறம் தாழ்ந்தும் இருக்கும். செடி பூக்கும் பருவத்தை அடைந்துவிட்டது என்பதற்கு அதுவே அடையாளம். கவைக்குக் கீழே வெட்டிய தடியை நட்டால் செடி மீண்டும் தண்டாக வளர்ந்து கவை விடும்வரை காத்திருத்தல் வேண்டும். கவைக்கு மேலே வெட்டிய தடியோ விரைவிற் பூக்கும். நம் மாணவன் வெட்டியது கீழ்த் தடி. அவன் ஓராண்டுக்கு மேலாகக் காத்திருந்ததன் காரணம் அதுவே.

இவ்வறிவு தானாக வந்ததன்று. எந்தத் தடியை வெட்டவேண்டும், எவ்வளவு காலம் பொறுக்கவேண்டும் என்பதையெல்லாம் யாரோ நட்டு, தவறி, மீண்டும் நட்டுக் கண்டறிந்திருத்தல் வேண்டும். அவர்கள் யார்? தாவரவியல் நூல்களைப் புரட்டினால் வேறு சிலரின் பெயர்களே முதலில் எதிர்ப்படுகின்றன.

பேரு நாட்டிலும் சிலியிலும் பயணஞ்செய்த பிரெஞ்சுத் துறவியான லூயி ஃபேயே 1714இல் இச்செடியை ஐரோப்பியருக்கு எழுத்தில் அறிமுகப்படுத்தினார். 1753இல் சுவீடன் நாட்டு லின்னேயஸ் இதனைத் 'தத்தூரா' இனத்திற் சேர்த்தார். தத்தூரா என்பது ஊமத்தையைக் குறிக்கும் இந்தியச் சொல்லிலிருந்து பிறந்த பெயர். அமெரிக்கச் செடிக்கு நம் பக்கத்துப் பெயர் கிடைத்த விந்தை அது. 1805இல் பேர்சூன் என்பார் இதனைத் தனியினமாகப் பிரித்து, ஒல்லாந்து நாட்டின் லைடன் பல்கலைக்கழகப் பேராசிரியர் புருக்மான்ஸ் என்பவரைச் சிறப்பிக்கும் வகையிற் 'புருக்மான்சியா' எனப் பெயரிட்டார். பேர்சூன் தென்னாபிரிக்காவின் நன்னம்பிக்கை முனையிற் பிறந்து, பாரிஸ் நகரில் வறுமையில் வாழ்ந்து, 1836இல் மறைந்தவர். அவரைச் சுரண்டற்காரர் என்று யாரும் சொல்ல முடியாது. எனினும் அவர் சூட்டிய பெயரில் அச்செடியை வளர்த்த மக்களுக்கு இடமிருக்கவில்லை. இன்று ஏற்கப்பட்ட ஏழு சாதிகளின் பெயர்களும் லத்தீன் மொழியினவே. மரம், பொன், இரத்தம், நறுமணம், எரிமலை என அவை பொருள்படும். வளர்த்தோரின் மொழிச்சொல் ஒன்றேனும் அவற்றில் இல்லை.

வளர்த்தோர் தென்னமெரிக்காவின் பூர்வகுடிகள். ஏழு சாதிகளிற் பெரும்பாலானவை அந்தீஸ் மலைத்தொடரையும் அதன் அடிவாரங்களையும் சார்ந்தவை; வெண்பூச் சாதியொன்று பிரேசிலின் தென்கிழக்குக் கரையோரத்துக்குரியது. 2014இல் உலக இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியத்தின் சிவப்புப் பட்டியல் இவ்வேழினையுமே 'காட்டில் அற்றுப்போனவை' என வகுத்தது. இதன் காய் தானாக வெடித்து விதை சிந்துவதில்லை. முன்னொரு காலத்தில் அதனைத் தின்று விதை பரப்பிய பெருவிலங்குகள் பனியூழியின் முடிவில் அழிந்திருக்கலாமென ஆய்வாளர் சிலர் கருதுகின்றனர். காரணம் எதுவாயினும், இன்று இச்செடி வாழ்வது மனிதர் அதனைத் தடியாய் வெட்டி நட்டு வந்தமையாலேயே. மலைப்புறத்துக் குடியானவர் தலைமுறை தலைமுறையாக இதனைச் செய்திராவிடின், பேராசிரியரின் பெயரைச் சுமப்பதற்கு ஒரு செடியும் மிஞ்சியிருக்காது.

இவ்வுழைப்பின் மிகத் தெளிவான சான்று தென் கொலம்பியாவிலுள்ள சிபுண்டோய்ப் பள்ளத்தாக்கு. கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 2,200 மீற்றர் உயரத்தில் அமைந்த அங்கே காமென்ற்சா, இங்கா என்னும் இரு பூர்வகுடி மக்கள் வாழ்கின்றனர். அவர்தம் வீட்டுத் தோட்டங்களில் இச்செடியின் பல வகைகள் தனித்தனிப் பெயருடன் வளர்க்கப்படுகின்றன. ஸ்பானிய மொழியில் அவற்றுக்கு வழங்கும் பொதுப்பெயர் 'பொராச்செரோ' என்பது. வெறியூட்டுவது என்று பொருள். வைத்தியர் சடங்கின்போது இதனைப் பயன்படுத்துவது உண்மையே. ஆயினும் அன்றாட வாழ்வில் இதன் இலை பெரிதும் பயன்பட்டது மூட்டுவலிக்கும் வீக்கத்துக்கும் வெளிப்பூச்சாகவும் ஒற்றடமாகவுமே. குளிரிலும் ஈரத்திலும் நாளெல்லாம் குனிந்து வேலை செய்யும் மக்களின் மருந்து அது. புறநாட்டார் எழுதியவற்றில் சடங்கு பெற்ற இடத்தை மூட்டுவலி பெறவில்லை.

1940களின் தொடக்கத்தில் அப்பள்ளத்தாக்குக்குச் சென்ற ஹார்வாட் பல்கலைக்கழகத் தாவரவியலாளர் ரிச்சட் எவன்ஸ் ஷுல்ற்றிஸ், அங்கு 'பாம்புப் பொராச்செரோ' என வழங்கிய ஒரு செடியைக் கண்டார். இலை நாடாப்போல ஒடுங்கியது; பூ கீறுகீறாகப் பிளந்தது. அதனை முற்றிலும் புதியதோர் இனமெனக் கருதி 1955இல் புதுப் பெயரிட்டு வெளியிட்டார். பின்வந்த ஆய்வாளர் அது புதிய இனமன்று என்று கண்டனர். ஒரு செடியில் தோன்றிய மாறுதலைச் சிபுண்டோய் மக்கள் கவனித்து, விரும்பி, தடிமூலம் மட்டுமே பெருக்கிக் காத்து வந்த வகை அது. விதையால் அது நிலைத்திராது. தேர்ந்த விஞ்ஞானியொருவர் இயற்கையின் தனிப்படைப்பென மயங்குமளவுக்கு அந்த எழுத்தறியா விவசாயிகளின் கைத்திறன் அமைந்திருந்தது. ஷுல்ற்றிஸைக் குறைகூறுவது என் நோக்கமன்று. அம்மக்களிடம் தாம் கற்றதை மதித்துப் பதிவு செய்தவர் அவர். ஆயினும் அவருடைய தவறே அம்மக்களுக்குக் கிடைத்த சிறந்த நற்சான்றிதழ் எனலாம்.

அம்மக்களின் நிலமோ அவர்கள் கையில் நிற்கவில்லை. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலிருந்து கப்புச்சின் சபை மிஷனரிமார் அப்பள்ளத்தாக்கில் அதிகாரஞ் செலுத்தினர். நல்ல நிலத்திற் பெரும்பகுதி சபையின் கைக்கும், வெளியிலிருந்து குடியேறியோரின் கைக்கும் மாறிற்று. கொலம்பிய எழுத்தாளர் விக்ரர் டானியல் பொனில்லா 1968இல் வெளியிட்ட நூலொன்றில் இவ்வரலாற்றை விரிவாக அம்பலப்படுத்தினார். கடவுளின் ஊழியர், இந்தியரின் எசமானர் என்னும் பொருள்பட அந்நூலுக்கு அவர் தலைப்பிட்டார். நிலம் போனால் தோட்டம் போகும். தோட்டம் போனால் தடிமூலம் மட்டுமே வாழும் செடி போகும். அதனோடு எந்தத் தடியை எங்கே வெட்டுவதென்ற அறிவும் போகும். ஒரு செடி அருகிப்போவதை இயற்கையின் இழப்பென்று மட்டும் எழுதுவோர் இத்தொடர்பைக் காண்பதில்லை.

நமது மலைநாட்டுக்கும் இவ்வரலாற்றோடு உறவுண்டு. அந்தீஸ் மலையின் இன்னொரு செடியான சிங்கோனாவை வளர்ப்பதற்காகவே 1861இல் ஹக்கலைத் தோட்டம் நிறுவப்பட்டது. மலேரியாவுக்கான கொயினா அதன் பட்டையிலிருந்து கிடைப்பது. பேரரசுக்கு அது தேவைப்பட்டது. கோப்பி நோயால் அழிந்த பின்னர் 1880களில் தோட்டத்துரைமார் சிங்கோனாவைப் பெருவாரியாகப் பயிரிட்டுப் பட்டையைக் கப்பலேற்றினர்; விலை வீழ்ந்ததும் கைவிட்டுத் தேயிலைக்கு மாறினர். பிடுங்கியதும் நட்டதும் தென்னிந்தியாவிலிருந்து வந்த தமிழ்த் தொழிலாளரின் கைகளே. தேவதூதரின் எக்காளமோ வெறும் அழகுச் செடியாக இங்கு வந்து, மலைநாட்டின் ஈரமான ஓடைக்கரைகளிலும் வேலியோரங்களிலும் பரவிற்று. தாயகத்துக் காட்டில் இல்லாத செடி இங்கே தானாக வளர்கிறது. அம்மாணவனின் பாட்டனாரும் இம்மண்ணுக்கு இவ்வாறே வேற்று நிலத்திலிருந்து வந்தவர். அவர் நட்ட தேயிலைக்கும் அவருடைய பெயர் இல்லை.

இரண்டாம் ஆண்டின் மழைக்காலம் முடிய அச்செடி கவை விட்டது. இலையின் அடி கோணியிருப்பதை முதலில் கண்டவனும் அவனே. சில வாரங்களில் பச்சை மொட்டுகள் நீண்டு, ஒரு மாலையில் ஏழு பூக்கள் ஒருங்கே விரிந்தன. பாடம் முடிந்தும் மாணவர் வீடு செல்லவில்லை. மணம் எழும்வரை வாசலிலேயே நின்றனர். தொடலாம், வாயில் வைக்கலாகாது, தொட்ட கையைக் கழுவவேண்டும் என்று எச்சரித்தேன். பிறகு அவன் முன்பு கேட்ட கேள்விக்கு விடை சொன்னேன். காட்டிலிருந்து வரவில்லை, உன்னைப்போல் தடி வெட்டி நட்டுக் காத்திருந்தவர்களின் கையிலிருந்து வந்தது என்றேன்.

"அவங்க பேர் என்ன சேர்?" என்று கேட்டான்.

காமென்ற்சா, இங்கா என்ற இரு பெயர்களைக் கரும்பலகையில் எழுதினேன். மற்றவர்களின் பெயர்கள் எந்த நூலிலும் இல்லை. நாம் கற்பிக்கும் சரித்திரத்தில் அரசருக்கும் தளபதிக்கும் பேராசிரியருக்கும் பெயருண்டு. பெயரில்லாதவர் செய்தது என்ன என்று கேட்கும் பழக்கத்தை மாணவரிடையே வளர்ப்பது ஆசிரியராகிய நம் கடமை. அதற்குப் பெரிய நூலகம் வேண்டியதில்லை; வாய்க்காற்கரையில் வெட்டிய ஒரு தடியிலிருந்தும் தொடங்கலாம்.