ஏரி மீனும் குழம்புச் சட்டியும்: ஒன்ராறியோ மீன் வழிகாட்டியைத் தமிழ்ச் சமையலறையில் வாசித்தல்

கனடாவின் ஒன்ராறியோ மாகாண அரசு, தன் ஏரிகளிலும் ஆறுகளிலும் தூண்டிலில் பிடிபடும் மீன்களை உண்பதற்கென 1977 முதல் ஒரு வழிகாட்டியை வெளியிட்டு வருகிறது. நெடுங்காலம் அச்சு நூலாக வந்தது. இன்று இணைய வரைபடமாகிவிட்டது. வரைபடத்தில் ஓர் ஏரியைத் தொட்டால் அங்கே சோதிக்கப்பட்ட மீனினங்கள் வரிசையாக வருகின்றன. ஒவ்வோர் இனமும் ஐந்தைந்து சென்டிமீட்டராக நீளவாரியாகப் பிரிக்கப்பட்டிருக்கிறது. ஒவ்வொரு நீளத்துக்கும் நேராக, மாதத்தில் எத்தனை வேளை உண்ணலாம் என்ற எண் இருக்கிறது. ஒரு வேளை என்பது 227 கிராம். பொதுவான பெரியவர்களுக்கு ஓர் எண். கருவுறும் வயதுப் பெண்களுக்கும் 15 வயதுக்கு உட்பட்ட பிள்ளைகளுக்கும் வேறோர் எண். ஆற்று மீன் உடம்புக்கு நல்லது என்றும், ஆலைக்கழிவில் வளர்ந்த மீன் விஷம் என்றும் பொத்தாம்பொதுவாகப் பேசிப் பழகிய நமக்கு, இப்படி நீர்நிலை, இனம், நீளம் என்று பிரித்துச் சொல்லும் அட்டவணை அரிய பொருள்.

ஆனால் அந்த எண்கள் எந்தச் சதையை அளந்து வந்தவை என்று பார்க்க வேண்டும். தோலையும் முள்ளையும் நீக்கிய முதுகுப்புறச் சதைத் துண்டு மட்டுமே ஆய்வகத்துக்குப் போகிறது. டொராண்டோவின் ஸ்காபரோ பகுதியில் மீன் வாங்கிச் சமைக்கும் தமிழ்க் குடும்பத்தின் சட்டிக்குள் போவது அதுவல்ல. தலை, தோல், வயிற்றுப் பகுதி, சினை எல்லாம் போகின்றன. அவற்றிலிருந்து வழியும் கொழுப்பு குழம்பிலேயே தங்கிச் சோற்றோடு உள்ளே போகிறது. அட்டவணை சரியானதுதான், ஆனால் வேறொருவர் தட்டுக்காகக் கணக்கிடப்பட்டது. எந்த நச்சு மீனின் எந்தப் பகுதியில் தங்குகிறது என்பதைச் சமைப்பவருக்குச் சொல்லாமல், மாதத்துக்கு இத்தனை வேளை என்று மட்டும் சொல்லும் எச்சரிக்கை பாதி எச்சரிக்கையே என்பது இக்கட்டுரையின் வாதம்.

இந்த எச்சரிக்கைகள் பிறந்த கதை 1970-இல் தொடங்குகிறது. மேற்கு ஒன்ராறியோ பல்கலைக்கழகத்தில் ஆய்வு மாணவராக இருந்த நார்வால்ட் ஃபிம்ரைட், செயின்ட் கிளேர் ஏரியில் பிடித்த வால்ஐ என்னும் கொன்றுண்ணி மீனில் 7 பிபிஎம் பாதரசம் இருப்பதைக் கண்டறிந்தார். கனடாவில் விற்பனைக்கு வரும் பெரும்பாலான மீன்களுக்கு உள்ள வரம்பு 0.5 பிபிஎம். அதே ஆண்டில் அந்த ஏரியில் மீன்பிடிப்பு தடைசெய்யப்பட்டது. மாகாணத்தின் வடமேற்கில் நிலைமை இன்னும் கொடுமை. டிரைடன் நகரிலிருந்த ரசாயன ஆலை 1962 முதல் 1970 வரை வபிகூன் ஆற்றில் ஏறத்தாழ 9 டன் பாதரசத்தைக் கொட்டியது. ஆற்றின் கீழ்ப்போக்கில் வாழ்ந்த கிராஸி நாரோஸ், வபசீமூங் என்னும் முதற்குடி மக்களுக்கு வால்ஐ மீனே உணவு, கூலி, விருந்தாளிக்குக் கொடுக்கும் பண்டம் எல்லாம். 1970-இல் வணிக மீன்பிடிப்பு மூடப்பட்டதும் ஒரே வீச்சில் வருமானமும் போயிற்று, உணவும் போயிற்று. பாதரச நச்சால் வரும் மினமாட்டா நோய்க்கு ஆளானவர்களை ஜப்பானில் ஆராய்ந்த குமமோட்டோ பல்கலைக்கழக மருத்துவர் மசஸூமி ஹரடா 1975-இல் இங்கு வந்து மக்களைப் பரிசோதித்து, அதே நோயின் அறிகுறிகளைச் சிலரிடம் கண்டார். ஆற்றைத் தூய்மைப்படுத்த 8.5 கோடி டாலர் தருவதாக மாகாண அரசு அறிவித்தது 2017-இல். இடையில் ஓடிப்போனவை 47 ஆண்டுகள். அத்தனை ஆண்டுகளும் அம்மக்களுக்குக் கிடைத்த முதன்மையான பாதுகாப்பு, உண்ணாதே என்ற சொல்தான்.

பாதரசம் மீனுக்குள் போகும் வழியைப் புரிந்துகொண்டால்தான் அதற்கான தற்காப்பும் புரியும். ஏரியடி வண்டலில், காற்றுப் புகாத சேற்றில் வாழும் பாக்டீரியாக்கள் கனிமப் பாதரசத்தை மெத்தில் பாதரசமாக மாற்றுகின்றன. அது பாசியிலிருந்து சிற்றுயிருக்கும், அதிலிருந்து சிறு மீனுக்கும், அதைத் தின்னும் பெரிய மீனுக்கும் படிப்படியாக ஏறுகிறது. நீரில் இருக்கும் அளவைப் போல் பத்து இலட்சம் மடங்குக்கும் மேலாகக் கொன்றுண்ணி மீனின் சதையில் அது சேர்ந்துவிடக்கூடும். சேரும் இடம்தான் முக்கியம்: அது புரதத்தோடு பிணைந்து சதை முழுவதும் பரவியிருக்கிறது. தோலை உரித்தாலும் கொழுப்பை நீக்கினாலும் பயனில்லை. மஞ்சளும் எலுமிச்சையும் போட்டு அலசினால் கவுச்சி போகும், பாதரசம் போகாது. பொரித்தால் நீர் வற்றி எடை குறைவதால் ஒரு கிராம் சதைக்கான பாதரச அளவு சற்றுக் கூடவே செய்யும்.

ஆகவே பாதரசத்துக்கு எதிராகச் சமையலறையில் செய்ய எதுவுமில்லை. தூண்டிலில் மீன் துள்ளும்போதே முடிவெடுத்தாக வேண்டும். ஒரே ஏரியின் 30 சென்டிமீட்டர் வால்ஐயும் 60 சென்டிமீட்டர் வால்ஐயும் உணவென்ற வகையில் வெவ்வேறு மீன்கள். பெரிய மீனைப் பிடித்தவர் அதைப் படம் எடுத்துக்கொண்டு திரும்ப விட்டுவிட்டு, சிறியதை வீட்டுக்குக் கொண்டுபோவதே அறிவுடைமை. நார்தர்ன் பைக் போன்ற பிற மீன்களைத் தின்னும் இனங்களைக் குறைத்து, பூச்சியும் சிற்றுயிரும் தின்னும் சன்ஃபிஷ், மஞ்சள் பெர்ச் ஆகியவற்றை நாடுவதும் அதே கணக்குத்தான். உள்நிலத்து ஏரிகளில் கட்டுப்பாட்டுக்குக் காரணம் பெரும்பாலும் பாதரசமே.

ஒன்ராறியோ ஏரி போன்ற பேரேரிகளில் முதன்மை எதிரி வேறு. மின்மாற்றிகளிலும் மின்தேக்கிகளிலும் நிரப்பிய பி.சி.பி. என்னும் எண்ணெய்ப் பொருள்கள் கனடாவில் 1977-லும் அமெரிக்காவில் 1979-லும் தடைசெய்யப்பட்டன. அதன் பிறகு பேரேரி மீன்களில் அவற்றின் அளவு பெரிதும் குறைந்திருக்கிறது. ஆனால் எளிதில் சிதையாத பொருள் என்பதால் வண்டலிலும் உணவுச் சங்கிலியிலும் இன்னும் சுற்றிக்கொண்டிருக்கிறது. பி.சி.பி. சதைப் புரதத்தில் தங்குவதில்லை, கொழுப்பில் தங்குகிறது. இதனால் இங்கே கத்திக்கும் அடுப்புக்கும் வேலை உண்டு.

இலையுதிர் காலத்தில் ரூஜ் ஆற்றிலும் ஹைலண்ட் கிரீக்கிலும் ஏறி வரும் சினூக் சால்மனை எடுத்துக்கொள்வோம். இரண்டும் தமிழர் நெருங்கி வாழும் ஸ்காபரோவின் வழியாகவே ஒன்ராறியோ ஏரியில் கலப்பவை. மீனைப் பிளந்து, பக்கத் துண்டை எடுத்துத் தோலை உரித்தால், தோல் ஒட்டியிருந்த பக்கத்தில் நடுநீளமாக ஒரு பழுப்புச் சிவப்புப் பட்டை தெரியும். விலாக்கோட்டின் அடியில் ஓடும் இந்தக் கருஞ்சதை கொழுப்பு நிறைந்தது. கத்தி நுனியை இருபுறமும் சாய்த்துப் பாய்ச்சினால் நீளமான கீற்றாக எழும்பி வந்துவிடும். முதுகுத் துடுப்பை ஒட்டி மேலே வெளிறிய கொழுப்பு விளிம்பு இருக்கும். அதையும் சீவிவிட வேண்டும். கீழே மெலிந்து தொங்கும் வயிற்று மடிப்புதான் சுவைக்குப் பேர்போனது, நச்சுக்கும் அதுவே வீடு. இவற்றை நீக்கி, கம்பித் தட்டின் மேல் வைத்துக் கொழுப்பு சொட்டும்படி சுட்டால், பி.சி.பி.யில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கிலிருந்து பாதி வரை குறையும். பேரேரிகளைச் சுற்றியுள்ள மாநிலங்கள் 1993-இல் வகுத்த பொது நெறிமுறை, இந்தக் குறைவு நிகழும் என்று எடுத்துக்கொண்டே வேளைக் கணக்கைப் போடுகிறது. கருஞ்சதையோடும் தோலோடும் சமைக்கும் வீட்டில் அந்தக் கணக்கு பொய்த்துப்போகிறது.

குழம்பு என்னும் சமையல்முறை இங்கே நேர் எதிராக வேலை செய்கிறது. புளிக்குழம்பும் பால் சொதியும் மீனின் கொழுப்பைத் தமக்குள் வாங்கிக்கொண்டு சுவையாவதற்கென்றே அமைந்தவை. கொழுப்பு எங்கும் சொட்டிப் போவதில்லை. தலைச் சொதிக்கென்று எடுத்து வைக்கும் பெரிய தலையிலும் கண்குழியைச் சுற்றிக் கொழுப்பு உண்டு. சினையிலும் அப்படியே. இந்த நிலையில் குழம்பையே விட்டுவிடு என்று சொல்வது பண்பாட்டை அறியாத அறிவுரை. சரியான அறிவுரை மீனை மாற்றச் சொல்வது. கொழுப்புக் குறைந்த மஞ்சள் பெர்ச், சன்ஃபிஷ், சிறிய வால்ஐ ஆகியவை குழம்புக்கும் சொதிக்கும் ஏற்றவை. கொழுத்த சால்மனையும் டிரவுட்டையும் சீவி எடுத்துச் சுடுவதும், பொரிப்பதானால் பொரித்த எண்ணெயை மறுமுறை தாளிக்க வைத்துக்கொள்ளாமல் கொட்டிவிடுவதும் நல்லது. கெண்டையும் கெளுத்தியும் நமக்கு ஊர்ப் பழக்கம் உள்ள மீன்கள் என்பதாலேயே கண்டதும் கை நீளும். பேரேரிகளின் கார்ப், கேட்ஃபிஷ் இரண்டும் வண்டலைக் கிளறித் தின்பவை, கொழுப்பு மிகுந்தவை. பெரியவற்றைத் தவிர்ப்பதே நலம்.

இரண்டு நச்சுகளும் உடம்பில் தங்கும் காலத்திலும் வேறுபடுகின்றன. மெத்தில் பாதரசம் ஏறத்தாழ 50 முதல் 70 நாள்களில் பாதியாகக் குறையும். ஓராண்டு கவனமாக இருந்த பெண்ணின் உடம்பு பெரும்பாலும் தெளிந்துவிடும். பி.சி.பி. பாதியாகக் குறையவே ஆண்டுகள் பிடிக்கும். கருவுற்ற பின் கவனம் என்ற வழக்கமான புத்திமதி பாதரசத்துக்கே ஓரளவு தாமதம், பி.சி.பி.க்கு மிகத் தாமதம். பெண்பிள்ளை சிறுமியாக இருக்கும்போதே அவள் தட்டில் கணக்கு தொடங்க வேண்டும். ஆய்வாளர்கள் ஜோசப் ஜேக்கப்சனும் சாண்ட்ரா ஜேக்கப்சனும் மிச்சிகன் ஏரி மீன் உண்ட தாய்மாரின் பிள்ளைகள் உட்பட 212 பேரை 11 வயதில் ஆராய்ந்து 1996-இல் வெளியிட்ட முடிவு இதற்கு வலுவான ஆதாரம். கருவிலேயே மிக அதிகமாக பி.சி.பி.க்கு ஆளான பிள்ளைகளின் நுண்ணறிவு எண் சராசரியாக 6.2 புள்ளி குறைந்திருந்தது. இந்த ஆய்வின் முறையியல் பற்றி விவாதங்கள் உண்டு. ஆயினும் அரசுகள் பெண்களுக்கும் பிள்ளைகளுக்கும் தனி வரிசை வகுத்ததன் நியாயத்தை அது காட்டுகிறது.

பி.எஃப்.ஏ.எஸ். என்னும் புதிய வகை நச்சுகளுக்கு, சிறிய மீனைத் தேர்வது, கொழுப்பைச் சீவுவது என்ற இந்த இரண்டு உத்திகளும் முழுமையாக உதவுவதில்லை. அமெரிக்கச் சுற்றுச்சூழல் முகமை 2013 முதல் 2015 வரை சேகரித்த நன்னீர் மீன் துண்டுகளை வைத்து 2023-இல் வெளிவந்த ஆய்வு, ஆறு, ஓடை மீன்களில் இடைநிலை அளவாக ஒரு கிலோவுக்கு 9,500 நானோகிராம் என்று கணக்கிட்டது. இவையும் புரதத்தோடு ஒட்டுபவை. கொழுப்பைச் சீவிப் பயனில்லை. எந்த நீர்நிலை என்பதே கேள்வி.

இத்தனை சிக்கல் இருக்கும்போது ஏரி மீனை ஒதுக்கிவிட்டால் என்ன என்று கேட்பவர்கள் உண்டு. கிராஸி நாரோஸ் அதற்கு விடை. உணவை மட்டும் விலக்கச் சொல்லி, மாற்று எதையும் தராத எச்சரிக்கை மக்களை இரண்டாம் முறை தண்டித்தது. கருவின் மூளை வளர்ச்சிக்கே உதவும் ஒமேகா-3 கொழுப்பும் மலிவான புரதமும் அதே மீனில்தான் இருக்கின்றன. வருமானம் குறைந்த குடியேறிகள் ஆற்றங்கரையில் தூண்டிலோடு நிற்பதைப் பொழுதுபோக்கு என்று மட்டும் எண்ணுவது அவர்களின் அடுப்பை அறியாமை.

ஏரி மீனை எவ்வளவு உண்ணலாம் என்ற இதே கேள்வி தமிழ்நாட்டில் கொடைக்கானலிலும் எழுந்தது. அங்கிருந்த பாதரச வெப்பமானித் தொழிற்சாலை, உடைந்த வெப்பமானிகள் பழைய இரும்புக் கடையில் கண்டெடுக்கப்பட்டு எழுந்த போராட்டத்தால் 2001-இல் மூடப்பட்டது. ஹைதராபாத் அறிவியலாளர்கள் 2006-இல் வெளியிட்ட ஆய்வில் கொடை ஏரி மீன்களில் ஒரு கிலோவுக்கு 120 முதல் 290 மைக்ரோகிராம் வரை பாதரசம் இருந்தது. 0.5 பிபிஎம், அதாவது ஒரு கிலோவுக்கு 500 மைக்ரோகிராம், என்ற விற்பனை வரம்பில் வைத்துப் பார்த்தால் இது தேறிவிடும் மீன். ஒரு சிறு கணக்குப் போட்டால் படம் மாறும். உடல் எடையில் ஒரு கிலோவுக்கு நாளொன்றுக்கு 0.1 மைக்ரோகிராம் மெத்தில் பாதரசம் என்பது அமெரிக்கச் சுற்றுச்சூழல் முகமையின் அளவுகோல். மீனிலுள்ள பாதரசம் பெரும்பாலும் மெத்தில் வடிவமே. 15 கிலோ எடையுள்ள குழந்தைக்கு வாரத்துக்கு 10.5 மைக்ரோகிராம், 290 மைக்ரோகிராம் அளவுள்ள மீனில் அது வெறும் 36 கிராம், ஒரு சிறு துண்டு. உணவு, வேளாண்மை அமைப்பும் உலகச் சுகாதார நிறுவனமும் சேர்ந்து அமைத்த நிபுணர் குழு 2003-இல் வகுத்த வார அளவு உடல் எடையில் ஒரு கிலோவுக்கு 1.6 மைக்ரோகிராம், அதன்படி அதே குழந்தைக்கு 83 கிராம் வரை போகலாம். எந்த அளவுகோலை எடுத்தாலும், விற்கத் தகுந்தது என்பதும் குழந்தை விரும்பிய அளவு உண்ணத் தகுந்தது என்பதும் ஒன்றல்ல. ஏரி, இனம், நீளம், வேளை என்று எழுதப்பட்ட ஓர் அட்டவணை கரையில் நட்டிருந்தால் தாய் ஒருத்திக்கு இந்தக் கணக்கைப் போடும் தேவையே இருக்காது.

எச்சரிக்கைப் பலகை மாசை நீக்காது என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். வடமேற்கு ஒன்ராறியோவில் கெனோராவுக்கு அருகிலுள்ள ஆய்வு ஏரிகளில் ஒன்றில், அறிவியலாளர்கள் அடையாளமிட்ட பாதரசத்தை 2001 முதல் 2007 வரை சேர்த்து, பிறகு நிறுத்திவிட்டுக் கவனித்தனர். எட்டு ஆண்டுகளுக்குள், அந்த அடையாளப் பாதரசத்திலிருந்து உருவான மெத்தில் பாதரசம் பெரிய மீன் கூட்டங்களில் 38 முதல் 76 விழுக்காடு வரை குறைந்தது. வரத்தை நிறுத்தினால் மீன் தேறும் என்பதற்கு இது நேரடிச் சான்று. உண்பவர் தட்டைச் சுருக்குவதை ஆலையும் அரசும் தம் கடமைக்கு மாற்றாகக் காட்ட முடியாது.

அதுவரை வழிகாட்டி தன் வேலையைச் செம்மையாகச் செய்யலாம். ரூஜ் ஆற்றுச் சால்மனின் தலையையும் தோலையும் சினையையும் தனித்தனியே சோதித்து, குழம்பாகக் காய்ச்சிய துண்டையும் அதன் சாற்றையும் அளந்து, அந்த எண்களை முதுகுச் சதைக்கான எண்ணின் பக்கத்திலேயே தமிழிலும் சீனத்திலும் வியட்நாமியத்திலும் அச்சிடுவது ஒரு மாகாண ஆய்வகத்துக்குப் பெரிய செலவல்ல. மீனை முழுதாகச் சமைக்கும் மக்கள் அந்தக் கரைகளில் பல்லாண்டுகளாக வாழ்கிறார்கள். அவர்கள் சமைக்கும் மீனையும் ஆய்வகம் அளக்க வேண்டும்.