சங்கமம் - ஒரு சொல்லின் பொருள்



எழுபது கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து கொல்லிமலைக்குச் செல்வோர் தவறாமல் பார்த்து வருவது ஆகாய கங்கை அருவி. சுமார் 300 அடி உயரத்திலிருந்து அங்கே விழுவது ஐயாற்றின் நீர். ஐயாறு என்றால் ஐந்து ஆறுகள். மலையின் ஓடைகள் ஒன்றாகி அந்த ஆறு உருவாகிறது. அருவியின் அடியில் நின்று, இந்தத் தண்ணீர் எந்த ஓடையிலிருந்து வந்தது என்று யாராலும் பிரித்துச் சொல்ல முடியாது. இதைத்தான் சங்கமம் என்கிறோம்.

சங்கமம் வடசொல். 'சம்' என்றால் ஒன்றாக, 'கம்' என்றால் செல்லுதல். தமிழில் கூடல் என்பார்கள்; மதுரையின் பழைய பெயர்களுள் அதுவும் ஒன்று. காவிரியோடு பவானி சேரும் இடம் நமக்குக் கூடுதுறை. ஆனால் சங்கமம் என்பதில் சேர்ந்தபின் ஒன்றாகச் செல்வதும் அடங்கியிருப்பதாக நாம் கருதுகிறோம். சேர்ந்துவிட்டு மறுபடி பிரிந்து ஓடும் ஆறுகளை யாரும் சங்கமம் என்று சொல்வதில்லை.

விவிலியத்திலும் நீரும் மக்களும் ஒரே சொல்லில் சந்திக்கிறார்கள். தொடக்கநூல் முதல் அதிகாரத்தில் நீர்த்திரள் ஒன்றுசேர்வதைக் கிரேக்க எழுபதின்மர் பெயர்ப்பு 'சினகோகே' என்கிறது. யூதரின் தொழுகைக்கூடத்திற்கும் பின்னர் அதே பெயர்தான். எசாயா 2:2-இல் மக்களினங்கள் ஆண்டவரின் மலைக்கு வருவதைக் குறிக்கும் எபிரேய வினைச்சொல் ஆறு என்ற சொல்லோடு உறவுடையது. மலையிலிருந்து இறங்குவதுதான் ஆற்றின் இயல்பு. எசாயாவின் ஆறோ மலைமேல் ஏறுகிறது!

திருப்பலியில் குருவானவர் இரசத்தில் சிறிது தண்ணீர் கலப்பதைப் பார்த்திருப்பீர்கள். 3-ஆம் நூற்றாண்டில் கார்த்தேஜ் ஆயராக இருந்த புனித சிப்ரியான் இதற்கு விளக்கம் தருகிறார்: இரசம் கிறிஸ்துவின் இரத்தம், தண்ணீர் மக்கள். கலந்தபின் இரண்டையும் பிரிக்க முடியாது.

இப்போது நம் அழைப்பிதழ்களுக்கு வருவோம். இளையோர் சங்கமம், குடும்பச் சங்கமம், அன்பியச் சங்கமம் என்று அச்சிடுகிறோம். குருக்களாகிய நாங்களே அதில் முன்னிற்கிறோம். காலையில் பெயர்ப்பதிவு, மதியம் பிரியாணி, மாலையில் குழுப்படம். நாம் அறிந்த ஒரு பங்கில் குடும்பச் சங்கமம் மிகச் சிறப்பாக நடந்தது. எல்லாரும் ஒரே பந்தியில் உண்டார்கள் என்று அறிக்கையிலும் எழுதினார்கள். கல்லறைத் தோட்டத்தில் இரு சாதியினரின் கல்லறைகளுக்கு நடுவே உள்ள சுவர் மட்டும் இன்றும் அப்படியே நிற்கிறது. அதைப் பற்றி அன்று யாரும் பேசவில்லை, மறையுரையிலும்கூட.

அத்தகைய நிகழ்ச்சிக்குக் 'கூடுகை' என்று அச்சிட்டால் போதும். அதுவும் நல்ல தமிழ்ச் சொல்தான்.