ஹெர்மிஸைத் தாக்கியவை எந்த விமானங்கள்?

1942 ஏப்ரல் 9 அன்று மட்டக்களப்புக்கு அப்பால் பிரித்தானிய விமானந்தாங்கிக் கப்பல் ஹெர்மிஸும் அதற்குத் துணைவந்த ஆஸ்திரேலிய நாசகாரிக் கப்பல் வேம்பயரும் மூழ்கடிக்கப்பட்டதை, அன்று காலை திருகோணமலைத் துறைமுகத்தின்மீது நடந்த குண்டுவீச்சோடு ஒரே தாக்குதலாகச் சேர்த்துச் சொல்வது எளிதெனினும், அவ்விரண்டையும் நடத்தியவை ஒரே வகைக் குண்டுவீச்சு விமானங்கள் அல்ல.

ஜப்பானிய அட்மிரல் நகுமோவின் ஐந்து விமானந்தாங்கிக் கப்பல்களில் இரு வகைக் குண்டுவீச்சு விமானங்கள் இருந்தன. மூவர் செல்லும் 97ஆம் வகை விமானம் 800 கிலோ குண்டையோ, நீருக்கடியில் விரைந்து சென்று கப்பலின் பக்கத்தைத் தகர்க்கும் டார்பிடோவையோ சுமந்தது. பறக்கையில் அதன் சக்கரங்கள் இறக்கைக்குள் மடங்கிவிடும். இருவர் செல்லும் 99ஆம் வகையோ உடலின் அடியில் 250 கிலோ குண்டைத் தாங்கி, உயரத்திலிருந்து இலக்கை நோக்கிச் செங்குத்தாகப் பாய்ந்து, குண்டை விடுத்தபின் மேலெழும் 'டைவ் பாம்பர்' ஆகும். உறையிட்ட அதன் சக்கரங்கள் மடங்காமல் கீழே நீட்டிக்கொண்டே இருப்பதால், கப்பல் தளத்திலிருந்து அண்ணாந்து பார்ப்பவருக்கும் இரண்டையும் வேறுபடுத்தும் அடையாளம் அதுவே.

எனினும், குண்டுகள் விழுந்துகொண்டிருக்கும்போது பார்த்த கண்களை மட்டும் நம்பி முடிவுகட்டுவது முறையன்று. இங்கே உறுதியான சான்று, விமானங்கள் பகிர்ந்து அனுப்பப்பட்ட விதம்தான். திருகோணமலைக்குச் சென்றவை 91 'தொண்ணூற்றேழு'களும் காவலாக 41 ஜீரோ போர்விமானங்களும். 'தொண்ணூற்றொன்பது'களோ, கடலில் போர்க்கப்பல் எதுவும் தென்பட்டால் ஏவுவதற்கெனத் தனியே நிறுத்திவைக்கப்பட்டிருந்தன. நான்கு நாள் முன்னர், ஏப்ரல் 5இல், கொழும்பைத் தாக்கியபோதும் இவ்வாறு ஒதுக்கிவைத்த 53 'தொண்ணூற்றொன்பது'களே டார்செட்ஷயர், கார்ன்வால் என்னும் இரு க்ரூசர்களையும் சுமார் இருபது நிமிடங்களில் மூழ்கடித்தன. ஹெர்மிஸ் கண்ணில் பட்டதும் ஏறத்தாழ 85 'தொண்ணூற்றொன்பது'கள் எழுந்தன. தன் விமானங்களைக் கரையில் விட்டுவிட்டு வெறுந்தளத்தோடு வந்த அக்கப்பலின் முன்புற லிஃப்டையே குண்டு பெயர்த்தெறிந்தது. கேப்டன் ஆன்ஸ்லோ உட்பட 307 பேர் மாண்டனர்.

ஆகவே விமானத்தின் வகையில் ஐயமில்லை. ஆனால் குறிப்பிட்ட ஒரு குண்டை ஒரு தனி விமானியின் கணக்கில் எழுதுவதை ஏற்பதற்கில்லை. சில நிமிடங்களுக்குள் அடுத்தடுத்து விழுந்த குண்டுகளில் எது யாருடையது என்பதை, புகைக்கு மேலே பறந்த அவ்விமானிகளாலும் பிரித்தறிந்திருக்க இயலாது.